மூன்றாவது பட்டன்

கல்லூரியில் கால் வைத்த அன்றே முதலாமாண்டுப் பையன்களுக்கு இறுதியாண்டு கஜேந்திரன் சட்டம் போட்டான்.

"சீனியரைக் கண்டா தலை குனியணும். உன் சட்டையோட மூணாவது பட்டனைத்தான் பாக்கணும்!"

மூன்று மாதம் அப்படியே நடந்தார்கள்.

மாணவர் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு நின்ற கஜேந்திரன், பிரின்சிபால் முன்னால் மேடையேறி மார்தட்டினான். "என்னைத் தெரியாத ஜூனியர் உண்டா?" வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முதலாமாண்டு மாசானத்தைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, "நீ சொல்லுடா!" என்றான்.

மாசானம் குனிந்த தலையோடு எழுந்தான்.

"முகத்தை எங்கண்ணே பாக்க விட்டீங்க? பட்டனைப் பாத்துக் குனிஞ்சதுல உங்க செருப்புதான் தெரிஞ்சுது. அதைத் தூக்கிக் காட்டுங்க, எல்லாரும் அடையாளம் சொல்லிடுறோம்."

அரங்கமே சிரித்தது. ராகிங் நடந்தது புரிந்த பிரின்சிபால், கஜேந்திரனின் வேட்புமனுவை அங்கேயே கிழித்தார்.

முதலாமாண்டு மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. கஜேந்திரன் தன் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.