ஒரு நூல் தேய்மானம்

சாத்தூர்ச் சந்தையில் நாற்பது வருஷம் சாணை பிடித்த குருவையா, அறுபத்தொன்றாம் வயதில் சீடரானார். பேரிலேயே குருவை வைத்துக்கொண்டு இன்னொருவர் முன்னால் கைகட்டி நிற்பது அவருக்குச் சுலபமாக வரவில்லை. ஒரு கத்திதான் அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது.

அவருடைய மகன் கனகவேல் செய்த கத்தி அது. சாணைச் சக்கரத்தில் உட்கார மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஓசூருக்குப் போனவன் அவன். அங்கே ஒரு பட்டறையில், இரும்பு அறுக்கிற ரம்பத் தகட்டைத் தேய்த்துக் கத்தியாக்கி, அம்மா வெள்ளைத்தாய்க்கு அனுப்பிவைத்தான். இரும்பையே அறுக்கிற எஃகு என்றால் அதன் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

"என் கல்லு இதத் தொடாது" என்று குருவையா அன்றைக்கே சொல்லிவிட்டார். அது காதுக்குப் போனபோது, கத்திக்கு மட்டும் சொன்னதாக மகன் எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பதினோரு வருஷம் இருவருக்கும் பேச்சு கிடையாது.

வெள்ளைத்தாய் அந்தக் கத்தியில்தான் காய் நறுக்கினாள். ஒருநாளும் அது மழுங்கியதில்லை. ஊரார் கத்தியையெல்லாம் தீட்டுகிறவர் வீட்டில், தீட்டாமலே வெட்டுகிற கத்தி ஒன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் குருவையாவுக்கு வயிறு எரியும்.

போன வருஷம் சித்திரையில் வெள்ளைத்தாய் இறந்துபோனாள். அதற்குப் பிறகு குருவையாவே சமைத்துச் சாப்பிட்டார். நாலைந்து மாதத்தில் கத்தி தக்காளித் தோலில் வழுக்க ஆரம்பித்தது. அவளோடு சேர்ந்து இரும்புக்கும் ஆயுசு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

வருஷத் திதிக்கு எட்டு நாள் இருக்கும்போது கனகவேல் தன் அத்தைக்குப் போன் செய்தான். "வாரேன். அம்மா கத்திய மட்டும் எடுத்துவைக்கச் சொல்லுங்க" என்றான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

குருவையாவுக்கு ஓர் ஆசை வந்தது. கத்தியைக் கூராக்கிக் கொடுத்தால் அவன் விரல் வைத்துப் பார்ப்பான். யார் தீட்டியது என்று கேட்பான். நான்தான் என்று இவர் சொல்வார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு பேச்சு கிடைத்தால் அவருக்குப் போதும்.

சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்து, கத்தியின் வாயில் இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்து பல் உதிர்ந்தது. அப்பா காலத்துத் தீட்டுக்கல்லை எடுத்து இழுத்தார். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிவகாசிக்குப் போனார்.

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் பின்னால் சீனியம்மாளின் கொட்டகை இருக்கிறது. பேப்பர் வெட்டுகிற மிஷின் பிளேடுகளை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவளுக்கு நாற்பது வயதுதான். எவ்வளவு கெட்டியான எஃகும் அவள் கையில் பணிந்துவிடும் என்று பேச்சு. தொழிலைத் தவிர வேறு பேசச் சொன்னால் மட்டும் பத்து வார்த்தைக்கு மேல் வராது.

"இதுக்கு எந்தக் கல்லு வாங்கணும்? அத மட்டும் சொல்லு தாயி. மத்தது எனக்குத் தெரியும்" என்றார் குருவையா.

"தெரிஞ்சா பல்லு எப்படி உதிர்ந்துச்சு அண்ணாச்சி?"

அவள் கத்தியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். உடைந்த மிஷின் பிளேடு ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"மொதல்ல இதத் தீட்டுங்க. இதுவும் அதே ஜாதி இரும்புதான். நல்ல கல்லுக்கு என்ன அடையாளம்?"

"தேயக் கூடாது" என்றார் குருவையா. பையிலிருந்து தன் கல்லை எடுத்தார். "எங்கப்பா கல்லு. ரெண்டு தலைமுறையா ஒரு நூல் தேயல." நூல் என்பது பட்டறைக்காரர்கள் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"அப்ப அதுலயே தீட்டுங்க."

பொழுது சாய்கிறவரை தீட்டினார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பிளேடு காலையில் இருந்த மாதிரியே இருந்தது. கல்லில் மட்டும் ஒரு மினுமினுப்பு ஏறியிருந்தது.

சீனியம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "எது தேஞ்சிருக்கு?"

"ரெண்டும் தேயல."

"பெருமையா இருக்கா?"

குருவையாவுக்குச் சுருக்கென்றது. அறுபத்தொரு வயதில் இதெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் ஊர் வந்து சேர்கிறவரை புழுங்கினார். ஆனாலும் மறுநாள் காலையில் போய் நின்றார்.

அன்றைக்கு அவள் வேறு ஒரு கல்லைக் கொடுத்தாள். வெளிறிப்போன கல். நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. தண்ணீர் ஊற்றி நாலு இழுப்பு இழுத்ததுமே சாம்பல் நிறத்தில் சேறு வழிந்தது.

"என்ன தாயி, சுண்ணாம்புக் கட்டியாட்டம் கரையுதே?"

"கரையட்டும்."

"இவ்வளவு கெட்டி இரும்புக்கு இவ்வளவு மெத்துக் கல்லா?"

"கெட்டி இரும்பக் கடிக்கணும்னா கல்லுல புதுமண்ணு வந்துக்கிட்டே இருக்கணும். உங்க கல்லு மேல இருக்குறது உங்கப்பா காலத்து மண்ணு. அது எப்படிக் கடிக்கும்?"

"அப்ப கல்லு சீக்கிரம் தீந்துபோகுமே."

"தீந்துபோகும்" என்றாள் சீனியம்மாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்தச் சேற்றிலேயே இரண்டு நாள் தீட்டினார். அழுத்தினால் கல் குழிந்தது. அழுத்தாமல் விட்டால் எஃகு இறங்கிவந்தது. நாற்பது வருஷம் அழுத்தியே பழகிய கை அதை மறக்கப் படாத பாடு பட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் பிளேடை முன்கையில் வைத்து லேசாக இழுத்தார். மயிர் அத்தனையையும் வழித்துக்கொண்டு வந்தது. சந்தையில் முதன்முதலாக ஒரு கத்தியைத் தீட்டிக் கொடுத்த நாளில்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"இப்ப என் கத்தியக் குடு தாயி."

அவள் துணியைப் பிரித்தாள். கண்ணில் பொருத்துகிற சின்ன லென்ஸ் வழியாகக் கத்தியின் வாயைப் பிடியிலிருந்து முனைவரை பார்த்தாள். திருப்பி இன்னொரு பக்கமும் பார்த்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"இந்த ரெண்டு பல்லு உங்க வேலை. அதுக்கு முந்தி இதத் தீட்டினது யாரு?"

"யாருமில்ல. இது மழுங்காத இரும்பு."

"மழுங்காத இரும்புன்னு ஒண்ணு கிடையாது."

"நான் தொட்டதே இல்ல தாயி. வீட்டுல வேற யாருக்கும் தீட்டத் தெரியாது."

சீனியம்மாள் கத்தியை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிடியை ஒட்டி, கல் எட்டாத இடத்தில், தகடு அகலமாக இருந்தது. அங்கிருந்து முனைவரைக்கும் சீராகக் குறைந்திருந்தது. அந்த இடத்தில் விழுந்திருந்த படியைக் கட்டை விரலால் தடவிக் காட்டினாள்.

"ஒரு நூல் குறைஞ்சிருக்கு. இந்த இரும்புல ஒரு நூல்னா பத்து வருஷ வேலை. கோடெல்லாம் ஒரே சாய்வு, ஒரு இடத்துலயும் அழுத்தல. உங்க கைய விட நல்ல கை. என் கையும் இதுக்கு ஈடில்ல."

குருவையா லென்ஸை வாங்கிப் பார்த்தார். மயிரிழை மாதிரி கோடுகள், ஆயிரக்கணக்கில், ஒன்றையொன்று மிதிக்காமல் படுத்திருந்தன.

"ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி கோடு போடும். இந்தக் கோடு என்கிட்ட இருக்குற எந்தக் கல்லும் போடாது. மெத்தான கல்லு. நடுவுல நல்லாக் குழிஞ்சிருக்கணும். பாத்த ஞாபகம் இருக்கா?"

குருவையாவுக்கு ஞாபகம் இருந்தது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தோணி மாதிரி குழிந்துபோன கல் ஒன்று கிடந்தது. என்னடி கல் இது என்று ஒருதரம் கேட்டார். கால் தேய்க்கிற கல் என்றாள் வெள்ளைத்தாய். இவர் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து அவள் உட்கார்ந்திருக்கிறாள். மகன் கத்தி மழுங்கிவிட்டது என்று இவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று, சாகிறவரைக்கும் பத்து வருஷம். சாணைக்காரன் பெண்டாட்டி, சாணைக்காரனுக்குத் தெரியாமல் தீட்டியிருக்கிறாள்.

லென்ஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் கல்லு எங்க அண்ணாச்சி?"

"கருமாதிக்கு வர்றவங்களுக்கு நாற்காலி போடணும்னு வாசப் பள்ளத்த மூடினேன். கொல்லையில கிடந்த கல்லெல்லாம் அள்ளிப் போட்டேன். மேல சிமெண்டு பூசியாச்சு."

சீனியம்மாள் கத்தியை அவர் முன்னால் வைத்தாள்.

குருவையா அதன் பல்லைத் தடவிக்கொண்டே கேட்டார். "இப்பத் தீட்டினா?"

"பல்லு மறையணும்னா வாய் முழுக்க எடுக்கணும். நல்லா வெட்டும். அவங்க கோடு ஒண்ணு மிஞ்சாது."

"தீட்டாமக் குடுத்தா?"

"பல்லு உதிர்ந்த கத்தி. உதிர்த்தது யாருன்னு உங்க மகனுக்குத் தெரியும்."

திதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. குருவையா கத்தியைத் துணியில் சுற்றினார். பிரித்தார். மறுபடியும் சுற்றினார். மகனிடம் சொல்ல வைத்திருந்த ஒரே பேச்சும் போய்விட்டது. நான்தான் தீட்டினேன் என்று இனி எந்த வாயால் சொல்வது?

"இதே கோடு விழுற கல்லு எங்கயாவது கிடைக்குமா தாயி? எவ்வளவு தூரமானாலும் போறேன்."

சீனியம்மாள் அவருடைய அப்பா காலத்துக் கல்லை எடுத்துத் துடைத்து, அவர் பையில் போட்டாள்.

"தூரமெல்லாம் போக வேணாம் அண்ணாச்சி. அது மேலதான் நாற்காலி போட்டிருக்கீங்க."