மணிக்குக் கூவிய சேவல்

மலையடிவாரக் காட்டில் நாவல் மடு என்று ஒரு மடு இருந்தது. கோடையிலும் வற்றாத தண்ணீர். காட்டில் உள்ள எல்லோருக்கும் அது ஒன்றுதான்.

அந்த மடுவுக்கு ஒரு முறை உண்டு. இருட்டு இருக்கும்வரை அது இரவுக்காரர்களுடையது. முள்ளம்பன்றியும் மரநாயும் வந்து குடித்துவிட்டுப் போகும். சிறுத்தையும் வரும். விடிந்துவிட்டால் அது பகல்காரர்களுடையது. மான் இறங்கும், மயில் இறங்கும், குரங்கும் கீரியும் இறங்கும். ஒருவர் நேரத்தில் மற்றவர் வருவதில்லை.

விடிந்துவிட்டது என்று சொல்வது கானக்கோழிச் சேவலின் வேலை. கரையில் நின்ற நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில் அது உட்கார்ந்திருக்கும். மரத்தின் உருவம் தண்ணீரில் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கும். தெரிந்தால்தான் கூவும். அது கூவும்போது சிறுத்தை குகைக்குப் போயிருக்கும். சேவல் கூவுவதைக் கேட்டுத்தான் சிறுத்தை போகிறது என்று பகல்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வருடம் சித்திரை வெயில் சொல்லி முடியாது. மடுவுக்கும் புல்வெளிக்கும் நடுவே மொட்டைப் பாறை ஒன்று கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மான்கள் அதைக் கடந்துதான் மேயப் போக வேண்டும். கடப்பதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிடும். ஒரு பெண் மானுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. மெலிந்த குட்டி. குளம்பு இன்னும் கெட்டிப்படவில்லை. ஒருநாள் பாறையின் நடுவிலேயே அது காலை மடக்கிப் படுத்துவிட்டது. தாய் தன் நிழலை அதன்மேல் போட்டுக்கொண்டு, அது எழும்வரை அசையாமல் நின்றது.

அன்று சாயங்காலம் பெண் மான் சேவலைத் தேடிப் போனது.

"தம்பி, நாளையிலிருந்து ஒரு ரெண்டு நாழிகை முன்னாடியே கூவக் கூடாதா? பாறை குளிர்ந்து கிடக்கும்போதே என் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

சேவல் யோசித்தது. "வெளிச்சம் வராம நான் எதைப் பார்த்துக் கூவுறது, அக்கா?"

மேல் கிளையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குக்கு இது காதில் விழுந்தது. குரங்குக்கு எப்போதுமே பொழுது போதாது. சாயங்காலம் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடுகிறது என்று அதற்குக் குறை. எல்லோரும் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் மேய்ந்து முடித்தால், சாயங்காலம் நீளமாகக் கிடைக்குமே என்று அதற்குத் தோன்றியது. அது கீழே இறங்கி வந்தது.

"இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே. அடிவாரத்துக் கோயில்ல விடியக்காலை பூசைக்கு மணி அடிக்கிறாங்களா இல்லையா? மணி கேட்டதும் கூவு. வேலை முடிஞ்சுது."

மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில் மடுக்கரையில் கூட்டம் போட்டார்கள். மயிலுக்குச் சந்தோஷம். வெயிலுக்கு முன்னே மேய்ந்துவிட்டால் சாயங்காலம் தோகை விரிக்க நேரம் கிடைக்கும் என்றது. கீரியும் சரி என்றது. முள்ளம்பன்றி மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குக் கூடுகிற நாழிகை எங்களிடமிருந்துதானே போகிறது, பாதித் தாகத்தோடு நாங்கள் எழுந்து போக வேண்டுமா என்று கேட்டது.

"முள்ளைச் சீவுற நேரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க மாமா, எல்லாம் சரியாப் போகும்" என்றது குரங்கு. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சிறுத்தையிடம் யாரும் கேட்கவில்லை. யார் போய்க் கேட்பது? சேவல் கூவினால் அது போய்விடும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார்கள்.

பெண் மானின் குட்டியைக் காட்டித்தான் குரங்கு கூட்டத்தைச் சம்மதிக்க வைத்தது. "இந்தப் பச்சைப் பிள்ளைக்காகத்தான்" என்று சொல்லிச் சொல்லியே முடித்தது.

கோடை முழுவதும் ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. அதை இல்லை என்று சொல்லக் கூடாது. கோயில் மணி கேட்கும்போது கிழக்கே லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். சிறுத்தை முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போகும். சேவல் கூவும். மான்கள் குடித்துவிட்டு, குளிர்ந்த பாறையின்மேல் நடந்து போகும். குட்டி முதலில் நடந்தது, பிறகு ஓடியது, பிறகு தாயை முந்திக்கொண்டு துள்ளியது. சாயங்காலங்களில் மயில் ஆடியது. குரங்குகள் அலுக்கும்வரை ஊஞ்சலாடின. யார் பார்த்தாலும் பெண் மானிடம் ஒரே பேச்சுதான். "எல்லாம் உன்னாலதான் தங்கச்சி!"

ஆடி போய், மழை போய், பனி வந்தது. பாறை சுடுவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சூரியன் தாமதமாக எழ ஆரம்பித்தது. ஆனாலும் சேவல் மணிக்கே கூவிக்கொண்டிருந்தது.

மார்கழி பிறந்தது. மார்கழியில் கோயில்களில் பூசை முன்னதாக நடக்கும் என்பது நமக்குத் தெரியும். காட்டுக்குத் தெரியாது. முதல் நாள் மணி கேட்டபோது வானத்தில் நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. சேவல் தண்ணீரைக் குனிந்து பார்த்தது. மரம் தெரியவில்லை, தண்ணீரே தெரியவில்லை. அது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன மாப்பிள்ளை, சாமியே எழுந்தாச்சு, உனக்கு இன்னும் தூக்கம் தெளியலையா?" என்று மேலிருந்து குரங்கு கேட்டது. கிளைகளில் சிரிப்புச் சத்தம் எழுந்தது.

சேவலுக்கு வெட்கமாகிவிட்டது. கூவிவிட்டது.

மான்கள் இருட்டில் தடவித் தடவி இறங்கின. பெண் மான் தண்ணீரில் வாய் வைத்தபோது எதிர்க்கரையில் ஏதோ மூச்சு விடுவது போலிருந்தது. அது குட்டியைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, அவசரமாகக் குடித்துவிட்டு ஏறியது.

வழியில் முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தது.

"தாயி, நான் இன்னும் குடிக்கவே போகலை, நீங்க திரும்பி வர்றீங்க. சிறுத்தை இன்னும் மடுக்கரையிலதான் இருக்கு."

"சேவல் கூவியாச்சே, மாமா."

"சேவல் கூவுறதைக் கேட்டுச் சிறுத்தை போறதில்லை, தாயி. வெளிச்சத்தைப் பார்த்துப் போகுது. நான் எத்தனை வருஷமா அது பக்கத்துல குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

பெண் மானுக்கு அன்று பகல் முழுவதும் புல் இறங்கவில்லை. சாயங்காலம் சொல்லிவிட வேண்டும் என்று மடுக்கரைக்குப் போனது. அங்கே மயில் ஆடிக்கொண்டிருந்தது. குரங்குக் குட்டிகள் கூச்சல் போட்டன. குரங்கு அதைப் பார்த்ததும், "வா தங்கச்சி, உன் பிள்ளையைப் பார்த்தா எனக்கே பெருமையா இருக்கு" என்றது. பெண் மான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டது.

திரும்பும்போது சேவல் பின்னாலேயே பறந்து வந்தது. அதற்கும் அன்று முழுவதும் நிம்மதி இல்லை.

"அக்கா, எனக்கு இது சரியாப் படலை. நான் சொன்னா சோம்பேறின்னு சிரிக்கிறாங்க. கேட்டவங்க நீங்க. நீங்க ஒரு வார்த்தை போதும்னு சொன்னா நாளைக்கே பழையபடி கூவுறேன்."

பெண் மான் மயில் ஆடும் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"ஊரே எனக்காகச் செஞ்சது, தம்பி. என் பிள்ளை தேறினதும் நானே வந்து வேண்டாம்னு சொன்னா, எல்லாரும் என்ன நினைப்பாங்க? இந்தப் பனி போகட்டும். ரெண்டு நாள் பொறுத்துச் சொல்றேன்."

சேவலும் சரி என்றுவிட்டது.

மறுநாள் மணி அடித்தது. சேவல் கூவியது. பனி மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெண் மான் மடுவின் விளிம்பில் நின்றது. குட்டியை மூக்கால் பின்னே தள்ளி, மூங்கில் புதருக்குள் நிறுத்தியது.

"அம்மா கூப்பிடுற வரைக்கும் வராதே."

அது தனியாகத் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் ஒருமுறை சத்தமாக அலைந்தது. பிறகு அடங்கிவிட்டது. குட்டி காத்துக்கொண்டு நின்றது. யாரும் கூப்பிடவில்லை.

வெளிச்சம் வந்தபோது சிறுத்தை எதிர்க்கரையில் பெண் மானைக் கிடத்திப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காடே கூடிவிட்டது. உயரமான கிளையில் இருந்துகொண்டு குரங்கு கத்தியது.

"சேவல் கூவின பிறகு மடு எங்களோடது! முறையை மீறிட்டியே, பாவி!"

சிறுத்தை நிமிர்ந்து பார்த்தது. அதன் குரலில் கோபம் இல்லை.

"எந்த முறை? உங்க சேவல் கூவுறதை நான் ஒருநாளும் காதுல வாங்கினதில்லை. வெளிச்சம் வந்தா எல்லாரும் என்னைப் பார்த்துடுவாங்க, வேட்டை நடக்காது. அதனால போவேன். இன்னிக்கு வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே நீங்க வந்தீங்க."

குரங்கு இலைகளுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேவல் மட்டும் மூங்கில் புதருக்கு நடந்து போய், குட்டியின் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கோயில் மணி அடித்தது. சேவல் கூவவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மரத்தின் உருவம் தண்ணீரில் எழும்வரை காத்திருந்து கூவியது. அப்போதும் குட்டி இறங்கவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி கரையில் நின்று, தண்ணீரில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தது. தெரிந்த பிறகுதான் குடித்தது. மான்கள் இன்றைக்கும் தண்ணீருக்கு இறங்கும் முன் அப்படித்தான் ஒரு காலைத் தூக்கி நிற்கின்றன.

அடுத்த சித்திரையில் பாறை மறுபடி சுட்டது. வேறொரு மானுக்குக் குட்டி பிறந்திருந்தது. அது தயங்கித் தயங்கிச் சேவலிடம் வந்து, கொஞ்சம் முன்னாடி கூவ முடியுமா என்று கேட்டது. சேவல் முடியாது என்று சொல்லவில்லை. முள்ளம்பன்றியைக் கூப்பிட்டுக் கேட்டது. கோடைக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்கிறேன் என்றது முள்ளம்பன்றி.

"கூவுறேன் அக்கா. ஆனா மணியைப் பார்த்து இல்லை, சாம்பல் வெளிச்சத்தைப் பார்த்து. முதல் பனி விழுற அன்னிக்கு நீங்களே வந்து போதும்னு சொல்லணும்."

"நான் மறந்துட்டா?"

தாயில்லாமல் வளர்ந்த அந்தக் குட்டி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கொம்பு முளைக்கத் தொடங்கியிருந்தது.

"நான் வந்து சொல்றேன்" என்றது அது.

நம் வசதிக்காக நேரத்தை முன்னே தள்ளிக்கொள்ளலாம், விடியலைத் தள்ள முடியாது. ஆகவே ஒரு காலத்துக்காகக் கேட்டு வாங்கியதை, அந்தக் காலம் போனதும் கூச்சப்படாமல் வாய் திறந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.