விரால் கேட்ட ஒரு குடம் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு ஏரி. அந்த ஏரியில ஒரு அம்மா விரால் மீன். அதுக்குக் குஞ்சுங்க ஒண்ணு ரெண்டு இல்லடா சின்னு, ஒரு கூடை! செவசெவன்னு பவழத்தைக் கொட்டின மாதிரி கரையோரக் கோரைக்குள்ள மொலுமொலுன்னு திரியும். அம்மா அடியில நின்னு காவல் காக்கும். "ம்" கொட்டு.

ம்.

விராலுக்கு ஒரு வித்தை தெரியும். தண்ணி கெட்டா மேல வந்து, க்ளப், காத்தை வாயால குடிச்சுக்கும். குஞ்சுங்களுக்கு அது இன்னும் வரலை. உனக்குச் சட்டை பட்டன் போட வருதா? அந்த மாதிரிதான். சிரிக்காதே.

அப்புறம், ஏரிக்கரையில செங்கமலத்துக்கு ஒரு வயல். இன்னும் ரெண்டு வரிசை நடலாம்னு கோரையை அறுக்க வந்தா, சரக் சரக்.

"அக்கா, விட்டுடு. வயல்ல இருந்து வர்ற அழுக்கை அதுதான் வடிகட்டுது"ன்னுச்சு விரால்.

"உன் வீட்டுக்கு வேலி, என் வீட்டுக்குப் பட்டினியா? போடி"ன்னு அறுத்து, ரெண்டு வரிசையும் நட்டுட்டா.

அப்போ பக்கத்து வயல் ஓரகத்தி வந்து, "என்னடி கமலம், உன் பயிருக்குக் காமாலையா?"ன்னு கேட்டுட்டா. பொறுக்குமா இவளுக்கு? ஏற்கெனவே போட்ட யூரியா போதாதுன்னு இன்னொரு மூட்டையைத் தூக்கிட்டு வந்தா.

"அக்கா, மேகம் இருட்டுது. இன்னிக்குப் போடாதே"ன்னுச்சு விரால்.

"என் பயிரு ஓரகத்தி பயிரை விடக் கறுக்கணும்." வீசினா. சளசளன்னு மழை. உரமெல்லாம் கரைஞ்சு நேரா ஏரிக்குள்ள. தடுக்கத்தான் கோரை இல்லையே.

ம்...

அப்புறம் ஏரியில பாசி பாசியா பொங்கிடுச்சு. பாசி அழுகி நாறுச்சு. தண்ணியில மூச்சே இல்ல.

விரால் மூணாவது தடவை வந்துச்சு. "அக்கா, புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது. உன் கிணத்துத் தண்ணி ஒரு குடம் கொண்டாந்து அதுல இதுங்களை வச்சுக்கோயேன்."

"குடத்துல மீனா? குழம்புதான் வைப்பேன்!"னு சிரிச்சுட்டுப் போயிட்டா.

ஆனா வீட்டுக்குப் போனா சோறு இறங்கலை. விடிஞ்சும் விடியாம கிணத்துத் தண்ணியைக் குடத்துல மொண்டு, இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தா, தளும்பத் தளும்ப. கரையெல்லாம் செவப்பா ஒதுங்கியிருந்துச்சு. ஒண்ணு கூட அசையலை. க்ளப். அம்மா விரால் மட்டும் மேல வந்துச்சு.

செங்கமலம் குடத்தைக் கவுத்து ஏரியில ஊத்தினா. ஒரு குடம் ஏரிக்கு எந்த மூலைக்கு?

அப்புறம் அந்த ரெண்டு வரிசையைப் புடுங்கிட்டுக் கோரையை நட்டா. "இப்ப பயிருக்குக் காமாலை இல்லடி, உனக்குத்தான் கிறுக்கு"ன்னா ஓரகத்தி. கோரை வளந்துச்சு, தண்ணியும் மெல்லத் தெளிஞ்சுது.

"குஞ்சு வந்துச்சாம்மா?"

அந்தக் குஞ்சுங்க வரலைடா. விரால் அதே இடத்துலயே சுத்துது, அடியில நின்னு மேல பார்த்துக்கிட்டு.

சரி, கதை கரையேறிடுச்சு. நீ நல்லா மூச்சு விட்டுத் தூங்கு, அம்மா கேட்டுக்கிட்டே இருக்கேன்.