விரியாத குடை

நாகர்கோவில் கோட்டாறு கடைவீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில், விளம்பரக் கம்பெனி ஒன்று இருந்தது. பெரிய கம்பெனி என்று சொல்லிவிட முடியாது. மூன்று மேசை, ஒரு கம்ப்யூட்டர் அறை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. அவ்வளவுதான். நடத்தியவர் பெயர் ஜெபசீலி. முன்னே பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவர். அதனால் வேலை செய்கிறவர்களுக்கும் சரி, வேலை கொடுக்கிறவர்களுக்கும் சரி, அவர் டீச்சர்தான்.

தாணுமாலயன் அவரிடம் தொழில் படிக்க வந்தபோது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. டீச்சரைவிட மூத்தவன். அவர் இவனை 'அண்ணே' என்பார். இவன் அவரை 'டீச்சர்' என்பான். புதிதாக வருகிறவர்களுக்கு, இதில் யார் யாரிடம் படிக்கிறார் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையும் வெளியே போகுமுன் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். சுவரொட்டியோ, துணிப்பையோ, முறுக்குப் பாக்கெட்டோ, எதுவானாலும் சரி. வேலை கொடுத்தவர்களின் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தில் பெருவிரலை வைத்து மூடுவார். நிமிர்ந்து பார்ப்பார்.

"யாரு?"

பெயர் மறைந்த பிறகும் ஆள் இன்னார் என்று தெரிந்தால் வேலை வெளியே போகும். தெரியாவிட்டால் திரும்பி வரும். விளக்கம் சொன்னால் காதில் வாங்கமாட்டார்.

"வீடு வீடாப் போயி இந்த விளக்கத்தைச் சொல்லுவியளா அண்ணே?" என்பார்.

ஒரு வைகாசி மாதம், மழை தொடங்குகிற சமயத்தில், மார்த்தாண்டத்திலிருந்து ஞானசிகாமணி என்று ஒருவர் வந்தார். எஸ்தர் குடை அவருடையது. எஸ்தர் என்பது அவருடைய அம்மா பெயர். அந்த அம்மாள் தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கிய குடை.

வந்தவர் உட்காரவில்லை. கொண்டுவந்த குடையை அறைக்குள்ளேயே விரித்து, தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம், கம்பி கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. அதில் சிவப்பு நூலில் ஞானசிகாமணி என்று தைத்திருந்தது.

"வாங்குதவங்க பேரைக் கேட்டு நாங்களே தைச்சுக் குடுப்போம்," என்றார். "அம்மை காலத்துல இருந்தே அப்படித்தான். கல்யாண வீட்டு வாசல்ல கறுப்புக் குடையா மலை மாதிரிக் கிடந்தாலும் நம்ம குடை மாறாது பாத்துக்கிடுங்க."

"நல்லா இருக்கே," என்றார் டீச்சர்.

"நல்லாத்தான் இருக்கு. வாங்கத்தான் ஆள் இல்ல. எங்க பாத்தாலும் அந்தப் பெரிய கம்பெனிக் குடைதான். டிவியைத் திறந்தா அவங்க, பஸ்ஸுக்குப் பின்னால அவங்க." குடையை மடக்கினார். "இந்த வருச மழையில ஓடலன்னா அடுத்த மழைக்கு நாங்க இல்ல. தைக்குத பொம்பளையளுக்கு வேற தொழில் தெரியாது. ஒரு படம் எடுத்துக் குடுங்க. ஒரே ஒரு படத்துக்குத்தான் நம்மால முடியும்."

டீச்சர் அந்த வேலையைத் தாணுவிடம் கொடுத்தார்.

தாணு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு எடுத்தான்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நல்ல மழை. கேட்டுக்கு வெளியே ஒரு அப்பா தொப்பலாக நனைந்துகொண்டு நிற்கிறார். கக்கத்தில் குடை. மடக்கியபடியே இருக்கிறது. மகள் ஓடி வருகிறாள். "அப்பா, குடையை விரிச்சா என்ன?" என்கிறாள். அப்பா அவளுக்கு அதை நீட்டுகிறார். "நீ வாறதுக்குள்ள குடை நனஞ்சிரும்லா மக்களே," என்கிறார். மகள் அவர் முகத்தையே பார்க்கிறாள். படம் முடிகிறது. இருட்டில், மூலையில், எஸ்தர் குடை என்று எழுத்து வந்து போகிறது.

எடிட்டர் வின்சென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேலி செய்தான். "தாணு அண்ணன் படத்துல கம்பெனிக்காரன் பேரு வாடகைக்குத்தான் நிக்குது."

டீச்சர் கடைசிக் காட்சியை நிறுத்தச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் பெருவிரலை வைத்தார்.

"யாரு?"

தாணு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க அப்பா, டீச்சர்."

அவர் விரலை எடுக்கவில்லை. மழைத்தண்ணீர் மூலையில் வைத்திருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடை எப்ப விரியும் அண்ணே?"

"விரியாது. அதான் படமே."

"அந்தச் சிவப்பு நூலு?"

"விரியாத குடையில நூலை எங்க காட்ட?"

"பேரையாவது யாராவது வாய்விட்டுச் சொல்லலாம்லா?"

"அழுகை வாற நேரத்துல கம்பெனிப் பேரைச் சொன்னா, சாவு வீட்டுல நோட்டீஸ் குடுத்த மாதிரி இருக்கும் டீச்சர்."

டீச்சர் விரலை எடுத்தார். "குடை ஞானசிகாமணி அண்ணாச்சியோடது. அவரு பாக்கட்டும்."

ஞானசிகாமணி பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். எங்க அப்பாவும் இப்படித்தான் நிப்பாரு என்றார். போகும்போதுதான், கேட்கலாமா கூடாதா என்று தெரியாதவர் மாதிரி, வாசலில் நின்று கேட்டார்.

"தம்பி, அந்தப் பேரு தைக்குதது?"

"அடுத்த படத்துல வைப்போம் அண்ணாச்சி."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

படம் உள்ளூர் டிவியில் வந்தது, தியேட்டர்களில் வந்தது. ஆனி மழையோடு சேர்ந்து ஊரெல்லாம் பரவியது. படியில் தொங்குகிறவனைப் பார்த்து கண்டக்டர் "உள்ள வாரும்வே" என்றால், "குடை நனஞ்சிரும்லா" என்று பதில் வந்தது. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைத் தோழன் சொன்னான். கட்சி மேடையில் ஒருவர் சொல்லிக் கைதட்டு வாங்கினார். தாணு டீக்கடையில் நின்று, தன்னை யாரென்று தெரியாதவர்கள் வாயிலிருந்து அதைக் கேட்டான். கேட்கக் கேட்க அவனுக்கு அப்பா இன்னும் இருப்பது போல இருந்தது.

சென்னையில் ஒரு விழா வைத்து அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மைக்கில் அறிவித்த பெண், படத்தின் பெயரைச் சொன்னாள், தாணுவின் பெயரைச் சொன்னாள், கம்பெனியின் பெயர் என்று அந்தப் பெரிய குடையின் பெயரைச் சொன்னாள். யாரோ திருத்தினார்கள். சபை சிரித்தது. தாணுவும் சிரித்தான். ரயிலில் திரும்பி வரும்போது கேடயத்தைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்தான்.

ஆவணியில் ஞானசிகாமணிக்கு போன் போட்டான்.

"வியாபாரம் எப்படி அண்ணாச்சி?"

"உங்க படம் பேரு வாங்கிட்டு தம்பி. எங்க போனாலும் அதான் பேச்சு."

"குடை போகுதா?"



"கடையில போயி, அந்த நனையாத குடையக் குடுங்கன்னு கேக்காவளாம். கடைக்காரன் பெரிய குடைய எடுத்துக் குடுக்கானாம். அவங்களும் சந்தோசமா வாங்கிட்டுப் போறாவளாம்."

"நம்ம பேரைக் கேக்கலியா?"

"நம்ம பேரு யாருக்குத் தம்பி தெரியும்?"

குறைப்பட்டு அவர் சொல்லவில்லை. அதுதான் தாணுவைத் தூங்கவிடவில்லை.

ஐப்பசி வந்தது. அந்த வருசம் மழைக்குக் குறைவே இல்லை. வானம் விடிவதும் தெரியவில்லை, அடைவதும் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் மாடிப்படியில் மெதுவாக யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. ஞானசிகாமணி வாசலில் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கக்கத்தில், பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு குடை.

வின்சென்ட் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான். "கையில குடை இருக்கே அண்ணாச்சி, விரிச்சிட்டு வந்தா என்ன?"

கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது அவனுக்கு.

"புதுசுல்லா," என்றார் ஞானசிகாமணி. "குடுக்கப்போற சாமான். நனஞ்சிரும்லா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை.

"நேத்தோட பூட்டியாச்சு டீச்சர்," என்றார். "கடன் குடுத்தவங்க மிஷினை எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாவ. அதுக்கு முன்ன, கடைசியா மிஞ்சின துணியில பொம்பளையளு இதைத் தைச்சாவ. படத்தைப் பாத்து அழுதவங்கல்லா. அந்தத் தம்பிகிட்டக் குடுங்கன்னாவ."

தாணுவின் கையில் குடையைக் கொடுத்தார். தாணு வாங்கிக்கொண்டான். 

"ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

"பஸ்ஸு போயிரும்." துண்டைத் திருப்பிக் கொடுத்தார். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நெடுநேரம் கழித்துத் தாணு கேட்டான்.

"ஊரே அந்தப் படத்தைச் சொல்லுச்சு டீச்சர். பிள்ளையளு சொல்லுச்சு, கிழடு கட்டை சொல்லுச்சு. ஆனா அவரு பேரு நிக்கலியே. ஒரு பேரு நிக்கணும்னா அதுக்கு என்னதான் செய்யணும்?"

டீச்சர் விளக்கை அணைத்தார். "பஸ் ஸ்டாப்புக்குத்தான போறிய? நானும் வாறேன்."

அவருடைய குடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

தெருவில் இறங்கினார்கள். தாணு பிளாஸ்டிக் தாளை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். மழை தலையில் கொட்டியது. டீச்சரும் நனைந்தபடியே கூட வந்தார்.  பஸ் ஸ்டாப்பில், பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக்கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். தகரம் அகலம் போதாது. ஏற்கெனவே அங்கே ஒரு பெண் பாதி நனைந்தபடி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தூக்குச்சட்டி. ஒரு பக்கம் வளைந்துபோன சின்னக் குடை ஒன்றைச் சட்டிக்கு மேலே பிடித்திருந்தாள்.

"விரிங்க அண்ணே," என்றார் டீச்சர்.

"புதுசு டீச்சர்."

"நனையட்டும்."

தாணு விரித்தான். கறுப்புத் துணி விறைத்து எழுந்தது. மழைச்சத்தம் சட்டென்று தலைக்கு மேலே போயிற்று. பக்கத்துக் கடை விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. கம்பி கூடுகிற இடத்தில் வெள்ளைத் துணி. சிவப்பு நூலில் தாணுமாலயன். 'ணு'வின் சுழி கொஞ்சம் பிசகியிருந்தது. பிரித்து மறுபடி தைத்த தடம் தெரிந்தது.

டீச்சர் கையை உயர்த்தி, அந்தப் பெயரின் மேல் பெருவிரலை வைத்து மூடினார். ஓரங்களில் மட்டும் சிவப்பு தெரிந்தது. தாணு அவர் கேட்கப்போவதற்காகக் காத்திருந்தான். அவர் அவனைக் கேட்கவில்லை.

"அக்கா," என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "இது யாரு குடைன்னு தெரியுதா?"

அவள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"சிவப்பு நூலுல்லா? எஸ்தர் குடை." முகம் மலர்ந்தது அவளுக்கு. "எங்க அம்மை சாகுத வரைக்கும் இதைத்தான் வச்சிருந்தா. எழுதப் படிக்கத் தெரியாதவ. அவ பேரைத் தொட்டுத் தொட்டுப் பாப்பா."

"நீங்க வாங்கலியா?" என்றார் டீச்சர்.

"எத்தனை கடையில கேட்டாச்சு. எல்லாவனும் அந்தப் படத்துல வாற குடையைத்தான் எடுத்து நீட்டுதான், அப்பன் நனஞ்சிட்டு நிப்பானே, அது. எனக்கு அது வேண்டாம்." தூக்குச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தாணுவைப் பார்த்தாள். "நீங்க புதுசால்லா வச்சிருக்கிய. இது எங்க அண்ணே கிடைக்கும்?"

மழை குடையின் மேல் விழுந்து நாலு பக்கமும் வழிந்தது. தாணு குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான். 

டீச்சர் பெருவிரலை எடுத்தார்.

"சொல்லுங்க அண்ணே."