பதினோராம் இதயம்

மரியபுஷ்பத்திடம் இதயநோய்ப் பாடம் கேட்க வந்தவர்களில் வயதில் மூத்தவள் பேச்சியம்மாள். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் சளி, காய்ச்சல், பாம்புக்கடி என்று பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வந்திருந்தாள். குருவைவிடவே ஒரு வயது கூடுதல். பேச்சு என்பது பெயரில் இருந்ததோடு சரி, வகுப்பில் வாய் திறக்க மாட்டாள்.

அந்த மருத்துவக் கல்லூரியில் ஒரு மெய்நிகர் அறை இருந்தது. அங்கே உள்ள கருவியைக் கண்களை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு வார்டு தெரியும். கட்டிலில் நோயாளி படுத்திருப்பார். அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பதுபோல் கையை நீட்டினால் காதில் இதயம் கேட்கும். ஆள் எப்போதும் ஒரே ஆள்தான். வால்வு சுருங்கிப்போனாலும் சிரித்த முகம் மாறாது. சத்தம் மட்டும் மாறும்.

அந்தச் சத்தங்கள் நிஜமானவை. எட்டு வருடம் முன்பு மரியபுஷ்பமே வார்டு வார்டாக நடந்து பதிவு செய்தவை. பத்தொன்பது பேருடைய நெஞ்சு. எல்லோருக்கும் ஒரே வால்வில் ஒரே சுருக்கம். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

பேச்சி மாலையானால் அந்த அறைக்குப் போய்ப் பதினோராம் எண்ணைப் போடுவாள். அத்தனை பாடுபட்டு உருவாக்கிய வார்டும் கட்டிலும் கண்ணெதிரே நிற்க, இவள் கருவிக்குள்ளேயே கண்ணை மூடிக்கொள்வாள். அக்கா தூங்கத்தான் போறாங்க என்று கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்தார்கள். மறுநாள் மாலையும் அவள் போனாள்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் புதிய மென்பொருள் வருகிறது. பழைய பதிவுகளில் மின்விசிறி இரைச்சல், இருமல், பக்கத்துக் கட்டில்காரர் பேச்சு எல்லாம் கலந்து கிடக்கின்றன. இனி கணினியே உண்டாக்கிய சுத்தமான சத்தம்தான். பழையவை அழிக்கப்படும்.

பேச்சி அதைப் படித்த கையோடு மரியபுஷ்பத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பதினொண்ணு எங்க அப்பா. அதை மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

அப்புறம், ஒரு வருடத்துப் பேச்சை எல்லாம் சேர்த்துப் பேசினாள். அப்பா தையல்காரர். மூச்சு வாங்குகிறது என்று இதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இவள் மலையில் இருந்தாள். லீவு கிடைக்கவில்லை. என் நெஞ்சு சத்தத்தை மிஷினில் பிடித்திருக்கிறார்கள், இனிமேல் பிள்ளைகள் என்னைக் கேட்டுத்தான் படிக்கணும் என்று போனில் பெருமையடித்துக்கொண்டார். லீவு கிடைத்து இவள் வந்து சேர்ந்தபோது அப்பா இல்லை. வேறு கல்லூரியிலும் இடம் கிடைத்திருந்தது. அந்தச் சத்தம் இங்கே இருக்கிறது என்றுதான் இங்கே வந்தாள்.

பதினொன்றுதான் அப்பா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார் மரியபுஷ்பம்.

பதிவின் கடைசியில் ஒரு குரல் இருக்கிறது என்றாள் பேச்சி. 'முடிஞ்' என்பதோடு அறுந்துவிடும். கடையில் நாளெல்லாம் மற்றவர்கள் அப்பாவிடம் கேட்டது அந்த 'முடிஞ்சுதா'தான். ராத்திரி அவர் வீட்டுக்கு வந்து, பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மகளிடம் அதையே கேட்பார். அறுந்துபோன மிச்சத்தை இவள் தினமும் மனசுக்குள் சேர்த்துக் கேட்டு வந்தாள்.

"அப்பா நெஞ்சை நேர்ல கேட்டிருக்கீங்களா?"

"சின்னப் பிள்ளையில அவர் மேலதான் படுப்பேன், மேடம்."

"அப்ப என்ன கேட்டுச்சு?"

பேச்சி யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலை. தூங்கிருவேன்."

மரியபுஷ்பம் மேஜை நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, செவ்வாய்க்கிழமை புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள் என்றார். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மனசைத் திறந்து காட்டியதற்கு இதுதானா என்று பேச்சிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை போனாள்.

அன்று உள்ளே வந்தவர் மைதீன் என்ற பரோட்டா மாஸ்டர். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் விடுங்கள் என்று சைகையிலேயே சொல்லிவிட்டுப் படுக்கையில் ஏறிப் படுத்தார். அவரை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார் மரியபுஷ்பம். பேச்சியைப் பார்த்துத் தலையசைத்தார்.

பேச்சி ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். லப், டப். அதன் பின்னால், தூரத்தில் லாரி மேடேறுவதுபோல அந்த உறுமல். அடுத்தது எப்போது விழும், எங்கே லேசாக இழுக்கும் என்று எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கையின் கீழே அப்பா சூடாக இருந்தார். மூச்சு விட்டார். அவரிடம் எண்ணெய் வாசனை அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா, டாக்டரம்மா?" என்றார் மைதீன்.

பதிவில் 'முடிஞ்' என்று அறுந்த அதே குரல். இத்தனை நாள் அப்பாவின் தொண்டையிலிருந்து எடுத்து ஒட்டிவைத்த மிச்சச் சொல், இவர் வாயிலிருந்து முழுசாக வந்து விழுந்தது.

"இம்புட்டு நேரம் யாரும் கேட்டதில்லையே. எதும் கோளாறா?"

"இல்லைங்க. எப்பவும் போலதான் இருக்கு. மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க."

மைதீன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, முன்னே ஒரு தடவை இந்தம்மா மிஷினை வைத்து இப்படிக் கேட்டார்கள், அதற்குப் பிறகு நீங்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நடையில் ஒரு தெம்பு தெரிந்தது.

பேச்சி ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அப்பா இரண்டாம் முறை போய்விட்டார். இந்த முறை பக்கத்தில் இருந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, மேடம்."

"சொல்லியிருக்கலாம்."

பிறகு மரியபுஷ்பம், எதையும் அழிக்கவில்லை என்றார். சுத்தமான சத்தம் மட்டும் கேட்டுப் படித்தவருக்கு, மின்விசிறி ஓடுகிற வார்டில் ஒன்றுமே கேட்காது என்று மென்பொருள்காரர்களிடம் வாதாடினாராம். அரைமனசாக ஒப்புக்கொண்டார்களாம். பத்தொன்பதும் இருமலோடும் இரைச்சலோடும் அப்படியே இருக்கும்.

"அதுல ஒருத்தர் உங்க அப்பா. யாருன்னு எனக்குத் தெரியாது. மைதீன் மாசாமாசம் வர்றார், அதனால பதினொண்ணு அவர்னு தெரியும். மத்தவங்க பேரை அன்னைக்கு நான் கேட்டு வைக்கலை."

"அப்ப நான் அவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வெளியே பெஞ்சு கொள்ளாமல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த முறைக்காரரான ஒரு வயசாளி, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் தயங்கி நின்றார்.

மரியபுஷ்பம் மேஜைமேல் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைப் பேச்சியின் பக்கம் நகர்த்தினார்.

"கேளுங்க" என்றார்.