உழவாரனுக்குக் கால் குட்டையான கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், உழவாரன் குருவிக்குக் கொக்கைப் போல நீளமான கால்கள் இருந்தன. உடம்பு முழுக்கக் கறுப்பு. முள்ளித்துறைக் கடற்கரையில் பொழுதெல்லாம் நடந்து திரியும். பறப்பதில் அதற்கு அவ்வளவு விருப்பம் இல்லை.

முள்ளித்துறை மீன்பிடிக்கிறவர்களின் ஊர். காற்று திரும்பும் பருவத்தில் கடல் கொள்ளைக்காரர்கள் வருவார்கள். குடிசைகளையும் ஓலைக் கோயிலையும் கொளுத்திவிட்டு, கையில் அகப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு செய்யும் மகதலேனாளின் தங்கையும் அப்படிப் போனவள்தான். அதன் பிறகு ஊர் கூடி, மாதா கோயிலைக் கல்லால் கட்டுவது என்று முடிவு செய்தது. சாமிக்கு அது வீடு, ஊருக்குக் கோட்டை.

சந்தியாகு கொத்தனார் அதை எழுப்பினார். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல். மேலே மாட்டுவண்டியே ஓட்டலாம், அவ்வளவு அகலமான சுவர். சன்னல்கள் உயரத்தில் வெறும் கீற்றுகளாக இருந்தன. குனிந்து நுழையும்படி ஒரே வாசல். பீடத்துக்குப் பக்கத்தில் கிணறு. மூலையில் ஒரு கோபுரம். கூரையில் மரமே கிடையாது. கல்லோடு கல் சாய்ந்து வளைந்து நின்றது. உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்து வைத்த பெரிய தோணிக்குள் நிற்பது போல இருந்தது.

வளைவின் உச்சிக்கல்லை வைத்தாயிற்று. அதைச் சுற்றியிருந்த இடுக்குகளில் சுண்ணாம்பு பூசுவதுதான் மிச்சம். அப்போது கடலில் பாய்கள் தெரிந்தன.

ஊரே கோயிலுக்குள் ஓடிவந்தது. கதவைச் சாத்தும்போது உழவாரனும் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றது.

"ஆளுக்கே இடமில்ல. குருவி எதுக்கு?" என்றான் கதவருகே நின்றவன்.

"அதுவும் உயிருக்குப் பயந்துதான வந்திருக்கு," என்று மகதலேனாள் அதைத் தூக்கி உள்ளே விட்டாள்.

கதவுக்கு முட்டுக் கொடுக்க மரம் இல்லை. வளைவைத் தாங்கி நின்ற சாரத்தைப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். கொத்தனார் தடுக்கவில்லை, வேறு வழியும் இல்லை.

வெளியே கொள்ளைக்காரர்கள் பனந்தடியால் கதவை இடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு இடிக்கும் உச்சியிலிருந்து தூள் உதிர்ந்தது.

"கதவு தாங்கும்," என்று கொத்தனார் மகதலேனாளிடம் மெதுவாகச் சொன்னார். "உச்சிக்கல்லு தாங்காது. அது விழுந்தா கூரை மொத்தமும் வரும். சுண்ணாம்பு இருக்கு, ஏற வழியில்ல."

"நான் போறேன்," என்றது உழவாரன்.

"இது இப்பத்தான் தண்ணி ஊத்தின சுண்ணாம்பு. கொதிக்குது. காலு வெந்துபோகும்," என்றாள் மகதலேனாள்.

உழவாரன் சுற்றிலும் பார்த்தது. தாய்மார்கள் பிள்ளைகளை மடிக்குள் இழுத்துக் குனிந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அலகு நிறையச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு பறந்தது.

கூரையில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, தன் எச்சிலைக் குழைத்து இடுக்கில் அப்பியது. கால்களால் மிதித்து இறுக்கியது. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. தொண்டையிலும் வாலின் அடியிலும் சுண்ணாம்பு படிந்து வெளுத்தது. செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் செபத்தை விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும், அந்தச் சிறகடிப்பு எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த இடி விழுந்தது. தூள் உதிரவில்லை. அதற்கடுத்த இடிக்கும் உதிரவில்லை. சுவர் மலை போல நின்றது. இடித்து இடித்துச் சலித்தவர்கள், காற்று மாறுவதைப் பார்த்துப் படகேறிப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் உழவாரன் தரையில் விழுந்தது. கால்கள் வெந்து தேய்ந்து, நகமும் கொஞ்சம் பாதமும்தான் மிஞ்சியிருந்தன. எழுந்து நடக்கப் பார்த்தது. முடியவில்லை.

"இனி கரையில நடக்க மாட்டேனா?" என்று கேட்டது.

மகதலேனாளால் பொய் சொல்ல முடியவில்லை. அதை உள்ளங்கையில் ஏந்திக் கோபுரத்தின் மேல் ஏறினாள். "மாட்டே. ஆனா இந்தச் சுவர் இருக்கிற வரைக்கும் இது ஒன் வீடு. யாரும் ஒன்னைப் போகச் சொல்ல மாட்டாங்க," என்று சொல்லிக் கையை வெளியே நீட்டி விரித்தாள்.

கல் போல விழுந்த உழவாரன், பாதி வழியில் சிறகை விரித்தது. அரிவாள் போல வளைந்த அந்தச் சிறகு கடல்காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போனதை ஊரே வாசலில் நின்று பார்த்தது.

அன்று தொடங்கியதுதான். உழவாரன் தரையில் இறங்குவதில்லை. குடிப்பதும் தின்பதும் பறந்தபடியே. கூடு மட்டும் கோயில் சுவரில், எச்சில் குழைத்து. திருவிழாவுக்கு வெள்ளையடிப்பவர்கள் அந்தக் கூடுகளை மட்டும் விட்டுவிட்டுத்தான் இன்றும் அடிக்கிறார்கள்.