ஒரே ஆணிக்கு இரண்டு கோட்டைகள்

பொறாமைக்குக் கப்பல் ஏறத் தெரியுமா? தெரியும். குன்னூரில் பொன்னையக் கவுண்டர் பங்களாவிலிருந்து ஒரு தடவை ஏறியிருக்கிறது.

கவுண்டர் கோயமுத்தூரில் பஞ்சாலை வைத்திருந்தவர். கொச்சிக்கு அப்பால் கடலைக் கண்டதில்லை. ஆனால் பங்களாச் சுவர் பூராவும் பழைய இங்கிலாந்து. இருநூறு வருஷத்து வரைபடங்கள். அவற்றில் ஆட்டுப்புழுக்கை சிதறினாற்போல் குன்றுகள், கடலில் வாயைப் பிளந்த மீன்கள். தோட்டத்துத் துரைகள் விருந்துக்கு வந்தால் சூப்பு ஆறிப்போகும், அவ்வளவு கேள்வி கேட்பார். "உங்க ஊர்ப் பாலத்துக்குக் கீழ ஒரு மாவு மில் இருக்குமே, இன்னும் ஓடுதுங்களா?" ஒரு துரை தன் சொந்த ஊருக்குக் குறுக்கு வழியை இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் லீவுக்குக் கிளம்பினான் என்று குன்னூரே சொல்லும்.

கணப்பு அடுப்புக்கு மேலே ஒரே ஓர் ஆணி. அங்கே தொங்குவதுதான் வீட்டிலேயே பெரிய மரியாதை. பல வருஷமாக அங்கே இருந்தது மூத்த மருமகன் சென்னியப்பன் கொடுத்த படம். வட இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரை. இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கம் பாலம், நடுவே சாட்டையை ஓங்கிய வண்டிக்காரன். யார் வந்தாலும் கவுண்டர், "இது பெரிய மாப்பிள்ளை குடுத்தது" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் சென்னியப்பன் மாசந்தவறாமல் மலை ஏறினார்.

ஒரு பொங்கலுக்குச் சின்ன மருமகன் நாச்சிமுத்து பம்பாயிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் அதே படம். அதே ஆறு, அதே வண்டி. ஆனால் கோட்டை வலப்பக்கம், பாலம் இடப்பக்கம்.

"சகலை, தப்பா நினைக்காதீங்க," என்று சிரித்தார் நாச்சிமுத்து. தப்பாக நினைக்கட்டும் என்றுதான் சொன்னார். "செப்புத் தகட்டுல வெட்டறது தாள்ல இடம் வலம் மாறித்தான் விழும். அதனால மூலப்படம் செய்யறவன் திருப்பி வெட்டுவான். அச்சடிச்ச படத்தைப் பாத்துக் காப்பியடிக்கிறவனுக்கு அந்தப் பொறுமை ஏது? பாத்ததை அப்படியே வெட்டிருவான். உங்க வண்டிக்காரன் எந்தக் கையில சாட்டை வெச்சிருக்கான், பாருங்க."

கவுண்டர் பூதக்கண்ணாடியோடு எழுந்தார். இடக்கை. வண்டியில் ஏறுகிறவன் கை கொடுப்பதும் இடக்கை. நாச்சிமுத்துவின் படத்தில் எல்லாம் வலக்கை.

"நகலுங்க மாப்ள," என்றார் கவுண்டர், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

சென்னியப்பனின் படம் வெந்நீர் அறைக்குப் போகிற நடையில் சுவரோடு சாத்தப்பட்டது. ஆணியில் சகலையின் படம் ஏறியது. அன்று காப்பி குடிக்க வந்த டாக்டரிடம் கவுண்டர், "இது சின்ன மாப்பிள்ளை குடுத்தது" என்றபோது, சென்னியப்பன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இங்கிலாந்தில், லங்காஷயரில் நூற்பு இயந்திரம் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

"ஒரு படத்துக்காகவா இத்தனை தூரம்?"

"படத்துக்கில்லை. உன் தங்கச்சி புருஷன் சிரிச்ச சிரிப்புக்கு."

இயந்திரத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே படத்து ஆற்றங்கரைக்குப் போய் நின்றார். கோட்டை வலப்பக்கம் இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். குனிந்து கால்களுக்கிடையே பார்த்தார். கல்லுக்கு என்ன இரக்கமா? அங்கேயே இருந்தது. நொந்துபோய்ப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு நடந்து, திரும்பிப் பார்த்தார். கோட்டை இடப்பக்கம்! மனுஷன் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டார். அக்கரையிலிருந்தே போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

குன்னூரில் இரவுச் சாப்பாட்டின்போது போட்டோவை இலைகளுக்கு நடுவே வைத்தார். "அக்கரையில நின்னா என் படம், இக்கரையில நின்னா சகலை படம். ஆத்துலயே இறங்கிப் பாத்துட்டு வந்துட்டேன்."

நாச்சிமுத்து போட்டோவைத் தொடவில்லை. "எந்தக் கரையில நின்னா வண்டிக்காரனுக்கு இடக்கை வலக்கை ஆகும்?"

பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. "தண்ணி ஜில்லுனு இருந்துச்சுங்களா மாப்ள?" என்றாள் மாமியார்.

"ஊட்டித் தண்ணியெல்லாம் அதுக்கு முன்னால வெந்நீருங்க அத்தை. இன்னும் கால் மரமரங்குது."

பெண்டு பிள்ளைகள், சமையல்காரர் வரை அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஆணியில் தொங்கிய மூலப்படத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கவுண்டர் ரசம் சாதத்தை முடித்தார். "மோர்" என்றார். கை கழுவிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

விடிந்ததும் நாச்சிமுத்து பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க ஆள் அனுப்பினார். மத்தியானம் கொத்தனார் வந்தார். கவுண்டர் தானே நின்று ஆணியைப் பிடுங்கச் சொல்லி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கவும் சொன்னார். "சுவத்துல ஓதம் ஏறுது, படமெல்லாம் வீணாப் போயிரும்." கணப்பு எரிகிற சுவர், அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது. அன்று முதல் இரண்டு படமும் நடையில்தான்.

தோற்ற படத்துக்காகக் கடல் தாண்டினார் ஒருவர். ஜெயித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடல் தாண்டக் கிளம்பினார் இன்னொருவர். ஆணியையே பிடுங்கினார் மூன்றாமவர். இந்த மூவரில் யாருடைய பொறாமை பெரியது?

விடை: மாமனாருடையது. மருமகன்கள் இருவரின் எரிச்சலும் ஒரு கப்பல் டிக்கெட்டில் தணிகிற எரிச்சல். கவுண்டருக்கோ இங்கிலாந்து முழுக்கச் சொந்தம், காகிதத்தில். அந்த ஆற்றில் காலை நனைத்தவன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறான். முன்பின் தெரியாத துரையையெல்லாம் துளைத்தெடுத்த மனுஷனுக்கு அவனிடம் 'எப்படி இருந்தது' என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. அதைவிடப் பெரிய பொறாமை ஏது? இல்லை, மூத்த மருமகனுடையதுதான் பெரியது என்று யாராவது அடித்துச் சொன்னால், வாதம் பண்ண வேண்டாம். அப்படிச் சொல்கிறவருக்கும் ஒரு சகலை இருக்கிறார்.